வீடு இடிபட்ட பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பு டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சென்னை நகருக்குள் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு பார்க்கிறேன். பதினொரு வருட சர்வீஸ். இப்படி ஒரு நிலைமை எனக்கு இதுவரை வந்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் ஆற்றங்கரையில் வீடுகளை இடித்தார்கள். என் வகுப்புப் பெண் ஒருத்தி வீடும் அதில் போய்விட்டது. மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்தாள். கணக்கு நோட்டைத் திருத்தக் கொடுத்தாள். பிரித்தேன், பக்கங்களுக்கு நடுவிலிருந்து சிமென்ட் தூள் என் மேஜையில் கொட்டியது. அவள் அதைக் கையால் துடைத்துவிட்டு "சாரி மிஸ்" என்றாள். கையில் மிஞ்சியது அந்த ஒரு நோட்டும் அறிவியல் புத்தகமும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

குடும்பத்துக்கு நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு பார்சல் ஆபீஸில் லோடு இறக்கும் வேலை, அம்மா இங்கே மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். தினமும் போய்வர முடியாது. அதனால் வாரத்தில் மூன்று நாள் இங்கேயே மார்க்கெட் பக்கம் நடைபாதையில் படுக்கிறார்கள், மீதி நாள் பெரும்பாக்கம். அங்கிருந்து வரும் நாட்களில் ஏழு மணிக்கே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தாலும் முதல் பீரியட் போய்விடுகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிய இருபது நாள் ஆனது. அதுவரை லேட்டாக வந்ததற்கு அவளை வாசலில் நிற்க வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எங்கள் தலைமையாசிரியர், "வீடு கிடைச்ச இடத்துலயே சேரட்டும், டிசி போட்டுடலாம்" என்கிறார். அவள் போகமாட்டேன் என்கிறாள். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | செவ்வாய், இரவு 10.25

டீச்சர், முதலில் சட்டத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, எந்தக் காரணத்தால் இடம் மாற நேர்ந்தாலும் வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. கேட்டவுடன் டிசி கொடுத்தாக வேண்டும், இழுத்தடித்தால் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும். டிசி வரத் தாமதமானது என்று சொல்லிப் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கவும் கூடாது.

இந்த உரிமை யாருடையது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "கேட்கும் உரிமை" குழந்தைக்குத்தான் இருக்கிறது. பள்ளி தானாக டிசி எழுதி அனுப்ப இதில் இடமில்லை. 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்காமல் டிசி போடாதீர்கள். உங்கள் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "சார், பெற்றோர் கேட்டு விண்ணப்பம் எதுவும் வரலையே, நாமளா போட்டா நாளைக்குக் கேள்வி வரும்" என்று சொல்லிப் பாருங்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். இப்படிச் சொன்னால் காதில் ஏறும்.

---

கணக்கு வாத்தியார் | புதன், காலை 6.15

நான் கொஞ்சம் மாற்றி யோசிக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண் ஒரு நாளில் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தால் அவளுக்கு என்ன படிப்பு ஏறும்? பெரும்பாக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. குடும்பம் என்றாவது அங்கே குடியேறித்தானே ஆக வேண்டும். நமக்குப் பிடித்த பிள்ளை, நம் பள்ளிப் பிள்ளை என்ற பாசத்தில் அவளை இழுத்துப் பிடிக்கிறோமா என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பேர். எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையத்தளம்) வேலை, ஆப்பில் வருகைப் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு என்று பிழிகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையையும் ஆசிரியரே சுமக்க முடியுமா?

---

செம்மஞ்சேரிக்காரன் | புதன், காலை 11.05

நான் ஆசிரியர் இல்லை. இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2006-ல் எங்களைக் கூவம் கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் மாதம், மழை. லாரியில் சாமான் ஏற்றும்போது என் பள்ளிப் பை எந்த மூட்டையில் போனது என்று தெரியவில்லை. நான்கு நாள் கழித்துக் கிடைத்தது, புத்தகம் எல்லாம் ஊறிப் போயிருந்தது.

பழைய பள்ளியில் உடனே டிசி கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள், குறை சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனால் "பாதி வருஷத்துல எப்படி சேர்க்கறது, ஜூன்ல வா" என்றார்கள். அம்மா இரண்டு தடவை போய்க் கேட்டார். மூன்றாவது தடவை போனால் ஒரு நாள் கூலி போகும், போகவில்லை. ஏழு மாதம் நான் எந்தப் பள்ளியிலும் இல்லை. ஓஎம்ஆர் சாலையில் அப்போது பக்கத்துக்குப் பக்கம் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது, கையாள் வேலைக்கு ஆள் தேவை. நாளுக்கு நூறு ரூபாய். பையில் பணம் புழங்க ஆரம்பித்தால் மறுபடி பள்ளிக்குப் போய் உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

நான் திரும்பிப் போனதற்குக் காரணம் பழைய பள்ளியின் பி.டி. சார். எங்கள் பிளாக் கீழே ஒரு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் காயின் போன் இருந்தது. அந்த நம்பரை எப்படியோ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அடிப்பார். கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கத்துவார், நான் இறங்கி ஓடுவேன். சார் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். "சாப்ட்டியாடா? பேப்பர் படிக்கிறியா? ஜூன் ஒண்ணாந்தேதி ஞாபகம் இருக்கா?" அவ்வளவுதான், இரண்டு நிமிடம். வாராவாரம், ஏழு மாதம். ஜூனில் மறுபடி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு அப்படி யாரும் போன் செய்யவில்லை. அவர்கள் வரவேயில்லை.

கணக்கு சார், நீங்கள் சொல்லும் பஸ் கஷ்டம் உண்மை. ஆனால் வீடு, தெரு, கூட்டாளி, கடை எல்லாம் ஒரே நாளில் போன பிள்ளைக்கு, அவள் பெயர் தெரிந்த இடம் என்று மிஞ்சியிருப்பது அந்த வகுப்பு ஒன்றுதான். அதையும் இந்த மாதமே எடுக்க வேண்டாம். ஏப்ரல்வரை விடுங்கள். ஜூனில் அவளே முடிவு செய்யட்டும்.

---

பெரும்பாக்கம் டீச்சர் | புதன், மாலை 5.50

நான் அந்தப் பக்கத்துப் பள்ளியில்தான் இருக்கிறேன். மேலே தம்பி எழுதியதை ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்தேன்.

எங்களிடம் ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் வர ஆரம்பித்தன, இன்னும் நிற்கவில்லை. வருஷ நடுவில் வரும் பிள்ளையின் நிலைமையைச் சொல்கிறேன். அங்கே ஆங்கில வழி படித்திருப்பாள், இங்கே அந்த செக்ஷனில் இடம் இருக்காது. அங்கே பாடம் ஒரு வரிசையில் நடந்திருக்கும், இங்கே வேறு வரிசையில். பழைய பள்ளி எமிஸில் விடுவித்திருக்கும், பெயர் பொதுத் தொகுப்பில் கிடக்கும். குடும்பம் எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யாமல் இருந்தால் அந்தப் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். பழைய பள்ளிக்குக் கணக்கு முடிந்தது, எங்களுக்கு இன்னும் தொடங்கவில்லை. நடுவில் அந்தப் பிள்ளை யார் பதிவேட்டிலும் இல்லை.

அதனால் மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு போன் போடுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். "இன்ன வகுப்பு, இன்ன மீடியம், பின்னங்கள்வரை கணக்கு முடிச்சிருக்கா, கூச்ச சுபாவம், நல்லா படம் வரைவா" என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதும். படம் வரைவாள் என்று தெரிந்தால் முதல் நாளே போர்டில் தேதி எழுத அவளைக் கூப்பிடுவேன். தெரியாவிட்டால் கடைசி பெஞ்சில் மூன்று வாரம் உட்கார்ந்திருப்பாள். பதினைந்து வருடத்தில் எனக்கு அப்படி வந்த போன் ஐந்தோ ஆறோதான்.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி ஆண்டு நடுவில் வந்தாலும் எட்டாம் வகுப்புவரை சேர்க்க மறுக்கக் கூடாது. "ஜூனில் வா" என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் 14417 கல்வி உதவி எண்ணுக்கு அடிக்கலாம்.

---

காப்பகப் பணியாளர் | புதன், இரவு 8.30

நான் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். டீச்சர், இருபது நாள் தெரியவில்லை என்று வருந்த வேண்டாம், பிள்ளைகள் மறைப்பதில் கெட்டிக்காரர்கள். நடைபாதையில் படுக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு தெருப் பெயரைச் சொல்லிச் சமாளிப்பார்கள். வீடு இடிபட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று சொன்னால் வேலைகூடக் கிடைப்பதில்லை என்று பெரியவர்களே முகவரியை மாற்றிச் சொல்கிற ஊர் இது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். "எங்கே தங்கியிருக்கே?" என்று கேட்டால் பொய்தான் வரும். "காலையில எத்தனை மணிக்கு எழுந்துக்கற?", "நைட்டு ஹோம்வொர்க் எந்த வெளிச்சத்துல எழுதற?", "பையை எங்க வைப்பே?" இப்படிக் கேட்டால் உண்மை தானாக வந்துவிடும். தனியாகக் கேளுங்கள், ஆனால் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள். வராண்டாவில் நடந்துகொண்டே பேசுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது வகுப்பில் முகவரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் அதை நிறுத்துங்கள்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. நடைபாதைக் குடும்பத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே, நான்கு மணிக்கே, கட்டணக் கழிப்பறையில் குளித்து முடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் கூட்டம் வந்துவிடும். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் துணி மாற்ற இடம் இல்லாததுதான். உங்கள் பள்ளிக் கழிப்பறை ஏழரைக்குத் திறந்தால் அதுவே பெரிய உதவி.

1098 குழந்தைகள் உதவி எண் பற்றி யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அடி, பாலியல் தொந்தரவு, குழந்தை வேலை, திருமண ஏற்பாடு, பிள்ளை காணாமல் போவது என்றால் யோசிக்காமல் உடனே அடியுங்கள். ஆனால் பெற்றோர் அன்பாக இருக்கிறார்கள், கூரை மட்டும் இல்லை என்றால் முதலில் அம்மாவிடம் பேசுங்கள். "பிள்ளையைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று பயந்துவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த நாள் வேறு தெருவுக்கு நகர்ந்துவிடும், பள்ளியும் அதோடு முடிந்தது. சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

---

எட்டாம் வகுப்பு டீச்சர் | புதன், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதிய காயின் போன் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

இன்று மதியம் அவளோடு வராண்டாவில் நடந்தேன். பையைப் பற்றிக் கேட்டேன். இரவில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பாளாம். திருட்டுக்குப் பயந்து அல்ல, நாய் இழுத்துவிடும் என்று. காலை உணவு கேட்டேன். அரசு காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, இவளுக்குக் கிடையாது. நான்காம் வகுப்பில் இருக்கும் தம்பி மட்டும் சாப்பிடுகிறான். இவள் மதியச் சத்துணவுவரை வெறும் வயிறு.

விடுதி பற்றி யாராவது சொல்ல முடியுமா? எங்கள் சமூக அறிவியல் டீச்சர், அரசு விடுதியில் சேர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | புதன், இரவு 10.40

விடுதி நல்ல வழிதான், சில பிள்ளைகளுக்கு. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாவற்றுக்கும் இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். பெண்களுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உறைவிடப் பள்ளி உண்டு. சாப்பாடு, கட்டில், படிக்க வெளிச்சம் எல்லாம் கிடைக்கும். என் மாணவர்களில் விடுதியால் தலையெடுத்தவர்கள் நிறைய பேர். ஆனால் அவளைக் கேளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான் என்றால், விடுதியில் படுத்திருந்தாலும் மனம் நடைபாதையில்தான் இருக்கும். அப்படிச் சேர்த்த இரண்டு பிள்ளைகள் பத்தே நாளில் சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான். வீடு எங்கே என்றே தெரியாமல் தேடிப் போனார்கள்.

இந்த இடிப்புகள் ஏன் எப்போதும் பரீட்சை நெருங்கும்போதே வருகின்றன என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தபோது பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2007-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில் மோசமான வானிலையிலும், இரவிலும், பள்ளித் தேர்வுக்குச் சற்று முன்பும், தேர்வு நேரத்திலும் மக்களை வெளியேற்றக் கூடாது என்று இருக்கிறது. தலைமையாசிரியர்கள் சேர்ந்து, "எங்கள் பள்ளியில் இந்தப் பகுதிப் பிள்ளைகள் இத்தனை பேர், தேர்வு இன்ன தேதி" என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஆசிரியர்களால் முடியும் காரியம் அது. நான் பதவியில் இருந்தபோது எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

---

டெக்சாஸ் தமிழாசிரியை | வியாழன், காலை 7.20

நான் அமெரிக்காவில் பள்ளியில் வேலை செய்கிறேன், ஊர் மதுரைப் பக்கம். இங்கே 1987-ல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டத்தைப் பற்றிச் சொல்வது இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தில் வீடு இல்லாதவர் என்றால் தெருவில் படுப்பவர் மட்டும் இல்லை. வாடகை கட்ட முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவர், மோட்டல் அறையில் இருப்பவர், காரில் தூங்குபவர் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். எந்தக் காகிதமும் இல்லாவிட்டாலும் பள்ளி உடனே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு பொறுப்பாளர் இருப்பார். வீடு எங்கே மாறினாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வது பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. நடுவில் நிலையான வீடு கிடைத்துவிட்டாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அதே பள்ளிதான்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். நிதி போதாது, பல குடும்பங்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. ஆனாலும் "பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை" என்ற சொல் சட்டத்தில் இருப்பதால், உங்கள் தலைமையாசிரியர் மாதிரி யாராவது பேசினால் எடுத்துக் காட்ட ஒரு தாள் எங்களிடம் இருக்கிறது. நம் ஊர்ச் சட்டத்தில் போகும் உரிமை எழுதியிருக்கிறது. இருக்கும் உரிமையும் இதே மாதிரி வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

---

செங்கல் சூளைப் பள்ளி | வியாழன், மதியம் 1.10

திருவள்ளூர் பக்கம் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து, மழை தொடங்குவதற்குள் திரும்பிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வீடு வருடத்துக்கு இரண்டு முறை மாறும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பாடம்வரை படித்தது என்று ஒடியாவிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு அட்டை கொடுத்தனுப்புகிறோம், அம்மாக்கள் அதை ஆதார் கார்டோடு சேர்த்துப் பாலித்தீன் கவரில் வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாக்கம் டீச்சர் சொன்ன போன் மாதிரிதான் இதுவும்.

---

கணக்கு வாத்தியார் | வியாழன், இரவு 9.05

எல்லாவற்றையும் படித்தேன். ஏப்ரல்வரை அவள் அங்கேயே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். வருஷ நடுவில் பெயர் எங்கேயும் இல்லாமல் போகும் என்பதை நான் முதலில் யோசிக்கவில்லை.

ஆனால் ஆசிரியர் தலையிலேயே எல்லாம் விழுகிறது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவை இழுங்கள். அதில் பெற்றோர்தான் அதிகம், அந்தப் பகுதியைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒரு ஆள் மனசு வைத்து நடந்தால் அந்த ஆள் மாறுதலில் போன அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும்.

அப்புறம் டீச்சர், முதல் பீரியட் என்ன பாடம்? கணக்கா? கணக்கு என்றால் டைம்டேபிளை மாற்றச் சொல்லுங்கள். லேட்டாக வரும் பிள்ளைக்கு வேறு பாடம் போனால் படித்துக்கொள்ளலாம், கணக்கு போனால் பிடிக்க முடியாது. அவளுக்கு விட்டுப்போன பாடத்தை நான் வேண்டுமானால் வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்புகிறேன், அம்மா போனில் கேட்கட்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இருக்கிறதே.

---

எட்டாம் வகுப்பு டீச்சர் | அடுத்த புதன், இரவு 9.30

ஒரு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் சொன்ன மாதிரியே தலைமையாசிரியரிடம் பேசினேன். "பெற்றோர் கேட்காம நான் ஏன் டிசி போடப்போறேன்" என்றார், முன்னால் சொன்னதே நினைவில்லாத மாதிரி. எனக்கு அதுவே போதும். முதல் பீரியட் கணக்குதான். செவ்வாய், வியாழன் மட்டும் நூலகப் பீரியடோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். மீதி நாட்களுக்கு கணக்கு சாரின் வாய்ஸ் நோட்டு. மிக்க நன்றி சார். "அந்த சார் குரல் ரேடியோ மாதிரி இருக்கு மிஸ்" என்கிறாள்.

கேட் திறக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் விஷயத்தை முழுதும் சொல்லாமல், "ஒரு பிள்ளை சீக்கிரம் வருவா, பாத்ரூம் திறந்து விடறீங்களா" என்றேன். "எனக்கு எப்பவோ தெரியும் டீச்சர், பொங்கலுக்கு அப்புறம் சில நாள் அந்தப் பொண்ணு ஏழு மணிக்கே சுவரோரம் நிக்குதே" என்றார். எனக்கு இருபது நாள் தெரியாதது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இனி அவரைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

புத்தகங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து சேர்த்தேன், யாருக்கு என்று சொல்லவில்லை. சீருடை ஒரு செட் அலுவலக இருப்பில் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒழுங்கான வழி கிடைக்கவில்லை. இப்போதைக்கு நானும் அறிவியல் டீச்சரும் மாற்றி மாற்றி இட்லி கொண்டுவருகிறோம். நிரந்தரமாக என்ன செய்யலாம் என்று மேலாண்மைக் குழுவில் வைக்கப் போகிறேன்.

விடுதி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அம்மாவிடமும் பேசினேன். ஜூனில் பெரும்பாக்கம் போவதா என்பதை அப்போது பார்க்கலாம் என்றார். போவதாக இருந்தால் பெரும்பாக்கம் டீச்சருக்குத்தான் என் முதல் போன்.

வகுப்பில் உள்ள இரும்பு பீரோவில் கீழ்த் தட்டைக் காலி செய்து, பையை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று வகுப்புக்கே பொதுவாகச் சொன்னேன். இவளைத் தனியாகக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான். முதல் நாள் அவள் பை மட்டும் இருந்தது. இன்று சாயங்காலம் பூட்டும்போது மூன்று பை இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று யாருடையது என்று தெரியும், அவன் வீடு பக்கத்துத் தெருவில்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்றாவது பையில் பெயர் எழுதவில்லை. நாளை ஏழரைக்கே போய் கேட்டருகே நிற்கப் போகிறேன்.